களவுக்கும் உண்டு பூகோளம்!

"புதையல் தோண்டிய ஐவர் கைது." இத்தகைய தலைப்போடு நான்கு வரிச் செய்தியொன்று நம் நாட்டுத் தினசரிகளில் அடிக்கடி வெளிவருவதை வாசகர்கள் கண்டிருப்பர். ஊரின் பெயர் மாறும். அகப்பட்டோர் தொகை மாறும். மண்வெட்டி, அலவாங்கு, பூசைப் பொருள்கள் என்னும் பட்டியல் மட்டும் பெரும்பாலும் மாறுவதில்லை. அகப்பட்டோர் நீதவான் முன் நிறுத்தப்பட்டனர் என்பதோடு செய்தி முடிந்துவிடும். பேராசைக்காரரின் பேதைமை என்று எண்ணிப் பலரும் அடுத்த பக்கத்துக்குச் சென்றுவிடுவர்.

ஆயின் அச்செய்திகளை ஓராண்டு காலம் கத்தரித்துச் சேர்த்து வைத்து, மாத்தளை மாவட்டத்தின் தேசப்படத்தை மேசைமேல் விரித்து, குழி தோண்டப்பட்ட ஒவ்வோரிடத்திலும் ஒரு குண்டூசியைக் குத்திப் பார்த்தால் என்ன தெரியும்? தனித்தனியே வாசித்தபோது தெரியாத ஓர் உண்மை அப்போது தெரியும். குற்றம் காற்றைப்போல் எங்கும் ஒரே அளவாய்ப் பரவியிருப்பதன்று. அது சில இடங்களில் திரள்கிறது. சில பாதைகள் வழியே வருகிறது. சில எல்லைகளைத் தாண்டாது நின்றுவிடுகிறது. ஆகவே களவுக்கும் ஒரு பூகோளம் உண்டு. அதனை அறிவதற்கென்றே இன்று ஒரு கல்வித்துறை வளர்ந்துள்ளது. சீகிரியாவையும் அதனைச் சூழ்ந்த காட்டையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு அத்துறையின் போக்கை ஈண்டு விளக்க முயல்கிறோம்.

தந்தையைக் கொன்ற புதையல் ஆசை

சீகிரியாவின் வரலாறே புதையலைத் தேடிய ஒரு குற்றத்தோடு தொடங்குகிறது என்பது வியப்புக்குரியது. கி.பி. 5ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட தாதுசேனனை அவன் மகன் காசியப்பன் சிறையிட்டு அரசைக் கைப்பற்றினான். மன்னன் தன் செல்வத்தையெல்லாம் இளையவனான மொகல்லானனுக்காக மறைத்து வைத்திருக்கிறான் என்று சேனாதிபதி மிகாரன் காசியப்பனின் செவியில் ஓதினான். செல்வம் எங்கே என்று கேட்டவர்களைத் தாதுசேனன் தான் கட்டிய கலாவெவக் குளத்துக்கு அழைத்துச் சென்றான். நீரில் இறங்கி நீராடி, அந்நீரைக் கையில் அள்ளிக் காட்டி, தனக்குள்ள செல்வம் இதுவே என்றான். அதன் பொருளை உணரும் நிலையில் மகன் இல்லை. தந்தை சுவரோடு வைத்துக் கொல்லப்பட்டான். பழிக்கு அஞ்சிய காசியப்பன் தலைநகரை விட்டகன்று, எவரும் எளிதில் ஏற முடியாத சீகிரியாக் குன்றின்மேல் மாளிகை எழுப்பினான் என்று சூளவம்சம் கூறுகிறது.

ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்துவிட்டன. நிலத்துக்குள் பொன் இருக்கிறதென்று நம்பி இரவில் அலவாங்கோடு புறப்படுவோர் மட்டும் இந்நாட்டில் இன்னும் குறைந்தபாடில்லை.

காவலுள்ள மலையும் காவலற்ற காடும்

சீகிரியாக் குன்றில் ஒரு தீங்கு நேர்ந்தால் அது உடனே உலகுக்குத் தெரிந்துவிடும். 1967ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் யாரோ சிலர் ஓவியங்களின்மேல் பச்சை வர்ணத்தைப் பூசிச் சிதைத்தபோது நாடே அதிர்ச்சியுற்றது. இத்தாலிய நிபுணர் லூசியானோ மறன்சி வரவழைக்கப்பட்டு, அவரும் தொல்பொருள் திணைக்களத்தாரும் சேர்ந்து ஓவியங்களை மீட்டெடுத்தனர். 1982ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இக்குன்றை உலக மரபுரிமைத் தலமாக அறிவித்தது. இன்று அங்கே நுழைவுச் சீட்டு உண்டு, காவலர் உண்டு, பகல் முழுவதும் மக்கள் கூட்டம் உண்டு.

ஆயின் சீகிரியா என்பது அந்த ஒரு குன்று மட்டுமா? வடக்கே பிதுரங்கலை, தெற்கே பெருங்கற்களை அடுக்கி மதிலெழுப்பிய மாப்பகலை, தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவ என்னுமிடத்தில் ஏறத்தாழ 2,700 ஆண்டுப் பழமையுடைய கல்லறைக் களம், இரும்பை உருக்கிய உலைகள் கண்டெடுக்கப்பட்ட அலகொலவெவ. இவை பெயர் பெற்றவை. பெயர் பெறாத சிறு தாதுகோபங்கள், இடிந்த விகாரைகள், துறவியர் வாழ்ந்த குகைகள், தூர்ந்த குளங்கள் ஆகியன காட்டினுள் சிதறிக் கிடக்கின்றன. பேராசிரியர் சேனக பண்டாரநாயக்கவின் வழிகாட்டலில் 1988ஆம் ஆண்டு முதல் சீகிரிய-தம்புள்ளைப் பிரதேசத்தில் நடந்த குடியிருப்புத் தொல்லியல் ஆய்வு, இவ்விடங்களை ஊர் ஊராக நடந்து தேடிப் பதிவு செய்தது. இவற்றிற்கெல்லாம் தனித்தனியே ஒரு காவலரை நிறுத்துவது எந்த அரசுக்கும் இயலாத காரியம்.

சட்டம் இல்லையென்று கூற முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் சட்டத்தின்படி, நிலத்தினுள் கண்டுபிடிக்கப்படாது கிடக்கும் தொல்பொருள்கள் யாவும் அரசுக்கே உரியவை. நிலம் எவருடையதாயினும் அதனுள் கிடைப்பது அவருக்குச் சொந்தமாகாது. 1998ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. சட்டம் இருந்தும் குழிகள் குறையவில்லையெனின், எங்கே காவல் வேண்டும் என்னும் வினாவுக்கு விடை காண்பது அவசியமாகிறது.

ஒரு குழி எதை அழிக்கிறது?

புதையல் தோண்டுவோர் பெரும்பாலும் நாடுவது தாதுகோபத்தின் நடுவேயுள்ள தாது அறையையும், சிலை நின்ற பீடத்தின் அடியையும், கல்வெட்டுள்ள பாறைகளையுமே. பாறையிலுள்ள பழைய எழுத்துக்கள் புதையலின் இருப்பிடத்தைக் கூறும் மறைமொழி என்று பலர் நம்புகின்றனர். அவ்வெழுத்துக்களை வாசிக்கத் தெரிந்தவரைக் கேட்டால் உண்மை விளங்கும். குகைகளின் முகப்பில் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ள வாசகங்கள் பெரும்பாலும், இன்னாருடைய இக்குகை சங்கத்தாருக்கு வழங்கப்பட்டது என்பதையே கூறுகின்றன. கொடுத்தவன் பெயரைக் கூறும் கல்லைப் பொன் இருக்கும் இடத்தைக் கூறும் கல் என்றெண்ணி உடைக்கின்றனர்!

இப்பன்கட்டுவவில் தொல்லியலாளர் கண்டெடுத்தவை கல்லறைகளும், தாழிகளும், மட்பாண்டங்களும், கழுத்தணிகளில் கோத்த மணிகளுமே. மணிகளுள் சிலவற்றின் கற்கள் இந்தியாவிலிருந்து வந்தவை. எந்தத் தாழியில் எந்த மணி, எந்த ஆழத்தில், எதன் அருகில் இருந்தது என்பதைக் குறித்து வைத்ததனாலேயே அக்கால மக்களின் வாழ்வையும் வாணிகத்தையும் நாம் அறிய முடிகிறது. தமிழ்நாட்டில் ஆதிச்சநல்லூர்த் தாழிகள் நமக்குக் கூறிய செய்திகளும் இவ்வாறு கிடைத்தவையே. அலவாங்கு பட்ட மறுகணம் அந்த ஒழுங்கு குலைந்துவிடும். பொருளைப் பின்னர் மீட்டாலும், அது கிடந்த இடத்தை மீட்க முடியாது. களவுகளுள் இது திருத்தவொண்ணாத களவு என்று நாம் கூறுவது இதனாலேயே.

குண்டூசிகள் கூறிய செய்தி

குற்றத்தைத் தேசப்படத்தில் குறிக்கும் வழக்கம் புதியதன்று. 1829ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டில் ஆந்திரே மிஷேல் கெரி என்னும் வழக்கறிஞரும், அத்ரியானோ பல்பி என்னும் பூகோள அறிஞரும் சேர்ந்து மூன்று படங்களை வெளியிட்டனர். ஒன்று உடைமைக்கு எதிரான குற்றங்களைக் காட்டியது. மற்றொன்று ஆட்களுக்கு எதிரான குற்றங்களைக் காட்டியது. மூன்றாவது கல்விப் பரவலைக் காட்டியது. கல்வி குறைந்த இடத்தில் களவு மிகும் என்றே அக்காலத்தில் யாவரும் நம்பினர். படங்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, கல்வி பரவியிருந்த வடபகுதிகளிலேயே உடைமைக் குற்றங்கள் மிகுந்திருக்கக் கண்டனர். கல்வி களவைத் தந்தது என்பது இதன் பொருளன்று. செல்வம் திரண்ட இடத்தில் களவாடுவதற்கும் பொருள் இருக்கும் அல்லவா? நெடுநாள் நம்பிக்கையொன்றை ஒரு படம் ஐயத்துக்குள்ளாக்கியது என்பதே இங்கு நாம் கொள்ள வேண்டிய பாடம்.

1854ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் வாந்திபேதி பரவி, சோகோப் பகுதியில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருத்துவர் ஜோன் சினோ இறந்தோர் வாழ்ந்த வீடுகளை ஆராய்ந்து படத்தில் குறித்தார். புள்ளிகள் புரோட் வீதியிலுள்ள ஒரு தண்ணீர்க் குழாயைச் சுற்றித் திரண்டிருந்தன. அது நோயைப் பற்றிய ஆராய்ச்சியே எனினும், புள்ளிகளின் திரட்சி காரணத்தைச் சுட்டும் என்னும் முறை பிற்காலத்தில் குற்ற ஆராய்ச்சிக்கும் வழிகாட்டியது.

1980ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியில், ஐந்தாண்டுகளாகப் பல பெண்களைக் கொன்று அகப்படாதிருந்த ஒருவனைப் பொலிசார் தேடிக்கொண்டிருந்தனர். ஸ்டூவர்ட் கைண்ட் என்னும் தடயவியல் அறிஞர், தாக்குதல்கள் நிகழ்ந்த இடங்களைப் படத்தில் குறித்து, அவற்றின் நடுமையத்தைக் கணக்கிட்டார். வீட்டுக்குத் தொலைவில் குற்றம் புரிபவன் விரைவில் திரும்ப விரும்புவான். ஆதலின் தொலைவிடத்துக் குற்றம் இரவின் முற்பகுதியிலும், அண்மையிடத்துக் குற்றம் பிற்பகுதியிலும் நிகழும் என்று எண்ணி நேரத்தையும் ஒப்பிட்டார். பிரட்போர்ட் நகரத்து மானிங்காம், சிப்லி ஆகிய இடங்களை அண்டிக் கொலைஞன் வாழ்கிறான் என்பது அவர் முடிவு. 1981ஆம் ஆண்டு சனவரியில் வேறொரு வகையில் அகப்பட்ட கொலைஞனின் வீடு அவ்விரண்டிற்கும் இடையிலேயே இருந்தது!

1989ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் லோறன்ஸ் சேர்மனும் அவருடைய துணைவரும் மினியாபொலிஸ் நகரைப் பற்றி வெளியிட்ட கணக்கும் குறிப்பிடத்தக்கது. அந்நகரில் பொலிசாருக்கு வந்த அழைப்புக்களில் பாதி, நகர முகவரிகளில் ஏறத்தாழ 3 சதவீதமானவற்றிலிருந்தே வந்தன. தீய வட்டாரம் என்று பெயர் பெற்ற இடங்களிலும் பெரும்பாலான வீடுகள் அமைதியாகவே இருந்தன. ஊரைப் பழிப்பது எளிது. ஊருக்குள் எந்த மூலை என்று அறிவதே பயன் தருவது.

படத்தின்மேல் படம்

இம்முறைகளைச் சீகிரியாக் காட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். இன்று கணினி செய்யும் வேலையை நாம் மெல்லிய கண்ணாடித் தாள்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். முதல் தாளில் பழைய இடங்கள் அனைத்தையும் குறிக்க வேண்டும். இரண்டாம் தாளில் வீதிகள், காட்டுப் பாதைகள், குளக்கட்டுகள். மூன்றாம் தாளில் மக்கள் குடியிருக்கும் ஊர்கள். நான்காம் தாளில் புதிதாய் வெட்டிய சேனைகளும், புதிதாய் அமைந்த வீதிகளும். ஐந்தாம் தாளில் தோண்டப்பட்ட குழிகள், அவை தோண்டப்பட்ட காலத்தோடு. இவ்வைந்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் வினாக்கள் தாமாகவே எழும்.

குழிகள் வாகனம் செல்லத்தக்க பாதைகளை ஒட்டியே இருக்கின்றனவா? அவ்வாறாயின் வருவோர் வெளியூரார் என்று ஐயுறலாம். பாதையின் வாயிலில் ஒரு தடை வைத்தால் பல இடங்களைக் காக்கலாம். குழிகள் ஊரிலிருந்து நடந்து செல்லும் தொலைவில், வறட்சி மாதங்களில் மட்டும் தோன்றுகின்றனவா? அவ்வாறாயின் அது விளைச்சல் பொய்த்த வீட்டின் வறுமையைக் கூறுகிறது. தடை வைப்பதால் அது தீராது. புதிய வீதி வந்த இடத்தில் குழிகள் பெருகின்றனவா? அவ்வாறாயின் வீதி அமைப்பதற்கு முன்பே காவலைத் திட்டமிட வேண்டும். சட்டப் புத்தகத்தில் இவை யாவும் ஒரே குற்றம். படத்திலோ அவை வெவ்வேறு நோய்கள். அவற்றுக்கு மருந்தும் வெவ்வேறு. குழியே தோன்றாத பழைய இடங்களையும் மறவாது பார்க்க வேண்டும். அவை எதனால் தப்பின என்பதும் ஒரு சாட்சியே.

இது வெறுங் கற்பனையன்று. எகிப்து நாட்டின் தொல்லியற் களங்களில் 2002 முதல் 2013 வரை தோண்டப்பட்ட கொள்ளைக் குழிகளைச் செய்மதிப் படங்களைக் கொண்டு சாரா பார்க்காக்கும் அவருடைய குழுவினரும் கணக்கிட்டு, 2016ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். 2011ஆம் ஆண்டின் அரசியல் கிளர்ச்சியே கொள்ளைக்குக் காரணம் என்று பலர் எண்ணியிருந்தனர். குழிகளின் பெருக்கமோ உலகப் பொருளாதார நெருக்கடியையடுத்து 2009இலேயே தொடங்கியிருந்தது. கிளர்ச்சி அதனை மேலும் வளர்த்தது. பாலைநிலத்தில் ஒவ்வொரு குழியும் வானிலிருந்து தெரியும். நம் காட்டிலோ மரங்கள் மறைக்கும். ஆதலின் இங்கே செய்மதி மட்டும் போதாது. நடந்து சென்று பார்க்கும் கால்களும் வேண்டும்.

படமும் பிழை செய்யும்

இவ்வளவு பயன் தரும் கருவி தீமையும் செய்ய வல்லது. அகப்பட்டோரின் கணக்கைக் கொண்டு படம் வரைந்தால், பொலிசார் மிகுதியாக நடமாடும் இடமே குற்றம் மிகுந்த இடமாகத் தோன்றும். அப்படத்தை நம்பி மேலும் பொலிசாரை அங்கேயே அனுப்பினால், அடுத்த ஆண்டுப் படம் இன்னும் கறுத்துவிடும். அது குற்றத்தின் படமன்று; காவலரின் காலடிப் படம். அதனாலேயே, அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் எல்லாப் பழைய இடங்களையும் குறித்த காலத்துக்கொருமுறை பார்த்துக் குழிகளைப் பதிவு செய்தல் முதன்மையானது.

இதனினும் கொடிய பிழை ஒன்றுண்டு. அது இடத்தின்மேல் குத்த வேண்டிய குண்டூசியை மக்கள்மேல் குத்துவது. ஆங்கிலேயர் இந்தியாவில் 1871ஆம் ஆண்டில் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். 1911ஆம் ஆண்டில் அது சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிறப்பினாலேயே மனிதரைக் குற்றவாளியாக்கி, கைரேகை பதித்து, நடமாட்டத்தைக் கட்டுப்படுத்திய சட்டம் அது. மதுரைக்கு மேற்கேயுள்ள பெருங்காமநல்லூரில் 1920ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள் அச்சட்டத்தை எதிர்த்து நின்ற மக்கள்மேல் பொலிசார் சுட்டதில் பலர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்க 1947ஆம் ஆண்டாயிற்று. சந்தேகத்தின் வலி எத்தகையதென்பதை நம் நாட்டு மக்களுக்கு விளக்கிக் கூறவும் வேண்டுமோ? களவுக்கு இடம் உண்டு என்பது அறிவு. களவுக்குச் சாதி உண்டு, இனம் உண்டு என்பது அறியாமை. இவ்வேறுபாட்டை மறக்கும் நாளில் இக்கலை கொடுமைக்குத் துணைபோய்விடும்.

மூன்றாவது இடர் இத்துறைக்கே உரிய விசித்திரமானது. காப்பாற்றுவதற்காக வரைந்த படம் களவாடுபவன் கையில் அகப்பட்டால் என்ன ஆகும்? எங்கே தோண்டலாம் என்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். பார்க்காக் 2017ஆம் ஆண்டில் பொதுமக்களின் துணையோடு பெரு நாட்டின் தொல்லியல் இடங்களைத் தேடும் திட்டமொன்றை நடத்தியபோது, செய்மதிப் படத்தின் சிறு துண்டுகளை மட்டும் மக்களுக்குக் காட்டி, அவை எவ்விடத்தன என்பதை மறைத்தே வைத்தார். நாமும் அம்முறையைப் பின்பற்றுவதே நன்று. இக்கட்டுரையில் பெயர் பெற்ற இடங்களை மட்டும் கூறியிருப்பதும் அதன் பொருட்டே.

பொருளுக்கு ஓர் ஊர்

இடத்தைப் பதிந்து வைப்பதன் பயனுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒரு சான்று கூறுவோம். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராசர் செப்புத் திருமேனி களவு போய், கடல் கடந்து, 2008ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்தைச் சேர்ந்தது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் கோயில் கோயிலாகச் சென்று எடுத்து வைத்திருந்த நிழற்படங்களுள் அத்திருமேனியின் படமும் இருந்தது. இரண்டையும் ஒப்பிட்டபோது ஐயம் தீர்ந்தது. 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திரும்பினார். இன்ன பொருள் இன்ன ஊரில் இருந்தது என்று எழுதி வைத்த ஒரு பழைய பதிவே அவரை மீட்டது. பதிவில்லாத பொருளுக்கு ஊருமில்லை, வழக்குமில்லை. இரவில் தோண்டி எடுத்த பொருளுக்கு அத்தகைய பதிவு எங்கிருந்து வரும்?

காவலர் யார்?

எத்தனை கணினிகள் வந்தாலும் காட்டுப் பாதையில் புது மண்ணின் மணத்தை முதலில் அறிபவர் அவ்வூர் விவசாயியே. மாடு தேடிச் செல்பவர், தேன் எடுக்கச் செல்பவர், குளக்கட்டில் காவலிருப்பவர் ஆகியோரே இப்பழம்பொருள்களின் உண்மையான காவலர். அவர்கள் கண்டதை அஞ்சாது கூறவும், கூறியதைப் படத்தில் குறிக்கவும், குறித்ததைக் கண்டு உரியவர் விரைந்து வரவும் ஓர் ஒழுங்கு வேண்டும். தம் ஊரின் பழைய விகாரையோ, குளமோ, கோயிலோ எதனைக் கூறுகிறதென்பதை அவ்வூர்ப் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்பாராயின், அதைத் தோண்டுவோருக்குத் துணை போக எவர் மனமும் இசையாது.

மாணவர்கள் இக்கலையை இன்றே தொடங்கலாம். தம் பள்ளியைச் சுற்றி ஒரு கல் தொலைவுக்குப் படம் வரைந்து, வீதி விபத்து நிகழ்ந்த இடங்களையோ, சைக்கிள் களவு போன இடங்களையோ நாளும் நேரமும் இட்டுக் குறிக்கட்டும். ஆட்களின் பெயர் வேண்டாம். இடமும் காலமும் போதும். மூன்று மாதத்தில் விளக்கில்லாத ஒரு சந்தியோ, மறைவான ஒரு மதிலோ அப்படத்தில் தானே வெளிப்படலாம். அதனைத் திருத்துவது பிரதேச சபைக்கு ஒரு நாள் வேலை.

காசியப்பன் தந்தையிடம் கேட்டது பொன் எங்கே என்பது. தாதுசேனன் காட்டியது குளத்தை. அக்குளம் இன்றும் வயல்களுக்கு நீர் தருகிறது. சீகிரியாவைச் சூழ்ந்த நிலத்திலும் செல்வம் இருக்கிறது. அது இருந்த இடத்தில் இருக்கும் வரையில்தான் செல்வம். புதையல் தோண்டியோர் அகப்பட்ட செய்தி அடுத்த முறை கண்ணிற்படும்போது, எத்தனை பேர் என்பதோடு நிறுத்தாது, எந்த ஊர் என்று தேசப்படத்தில் தேடிப் பாருங்கள்.